குடும்பமும் உடல்நலமும்: மூக்கில் வைத்த ஒட்டு எத்தனை ஆண்டு நிலைக்கும்?



மூக்கும் முழியுமாகப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று பேரனைக் கையில் ஏந்திய பாட்டி மகிழ்கிறாள். ஊர்க் கூட்டத்தில் தலைகுனிந்து திரும்பியவனைப் பற்றி, “மூக்கறுபட்டு வந்தான்” என்று பேசுகிறார்கள். வீண் வம்புக்குப் போனவனை, “மூக்குடைபட்டான்” என்கிறார்கள். முகத்தில் கண்ணும் உண்டு, காதும் உண்டு. ஆயினும் மானத்தின் கணக்கை நம் மொழி மூக்கின் மேல்தான் எழுதி வைத்திருக்கிறது.

இது வெறும் பேச்சு வழக்கு அன்று. நம் மதுரைச் சீமை கண்ணீரோடு கண்ட காட்சியும் ஆகும். திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், 1656ஆம் ஆண்டை ஒட்டி, மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலத்தின் வழியே மதுரை நாட்டுக்குள் புகுந்தது. எதிர்ப்பட்டவர்களைக் கொல்வதை விட, அவர்களின் மூக்கை அறுத்துச் செல்வதே அப்படையின் வேலையாக இருந்தது. சேதுபதியின் மறவர் படை துணைக்கு வந்து பகைவரைத் துரத்தியது. பின்னர் மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் நுழைந்து அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. அந்நாளில் மதுரை மறைபரப்புத் தளத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குருவானவர் அந்தாம் தெ புரோயென்சா, 1659ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து தம் சபைத் தலைவருக்கு விடுத்த மடலில் இக்கொடுமையை எழுதி வைத்தார். ‘மூக்கறு போர்’ என்றே வரலாற்று நூல்கள் இதற்குப் பெயரிட்டுள்ளன.

அத்தகைய போர்கள் ஒழிந்தன. ஆயினும் விபத்தாலும் நோயாலும் மூக்குத் தண்டு அமிழ்ந்துபோனவர்கள் இன்றும் நம் நடுவே இருக்கிறார்கள். நம் சின்னமனூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் சிறு வயதில் வாய்க்கால் மதகுச் சுவரில் முகம் மோத விழுந்தவன். அன்று வீக்கத்துக்குப் பற்றுப் போட்டதோடு வீட்டார் விட்டுவிட்டனர். இன்று இருபது வயது வாலிபனாகிய அவனுக்கு மூக்கின் நடுப்பகுதி குதிரைச் சேணம்போல் குழிந்திருக்கிறது. மூச்சும் சரியாக ஓடுவதில்லை. விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து மூக்கில் வைத்துச் சரி செய்யலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். “சாமி, உடம்பைக் கீறி ஓரிடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கிறார்கள். அது எத்தனை வருசத்துக்கு நிற்கும்? பத்து வருசத்தில் கரைந்து போய்விடுமென்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே!” என்பதே அத்தாயின் கவலை.

நியாயமான கவலைதான். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் எழக்கூடும். ஆகையால் மருத்துவ நூல்கள் கூறுவதை நம் குடும்பங்களுக்கு விளங்கும் வகையில் இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

குருத்தெலும்பு என்பது யாது?

உங்கள் காது மடலை மடக்கி விடுங்கள். அது உடனே நிமிர்ந்துகொள்ளும். மூக்கின் நுனியை அழுத்தி விடுங்கள்; அதுவும் பழைய நிலைக்கு வரும். எலும்பைப்போல் இறுகாமலும் சதையைப்போல் துவளாமலும் இடைப்பட்டு நிற்கும் இப்பொருளே குருத்தெலும்பு. மூக்கின் மேற்பாதியைத் தாங்குவது எலும்பு. கீழ்ப்பாதியைத் தாங்குவது குருத்தெலும்பு. இரு துளைகளுக்கும் நடுவே நிற்கும் இடைச்சுவரின் முன்பகுதியும் குருத்தெலும்பே. கூரைக்கு நடுக்கால் எப்படியோ, மூக்குக்கு அவ்விடைச்சுவர் அப்படி. அது கரைந்தால் கூரை நடுவில் உட்காரும். மேலே சொன்ன வாலிபனுக்கு நேர்ந்தது அதுவே.

குருத்தெலும்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதனுள் இரத்தக் குழாய்கள் கிடையா. அதன் உயிரணுக்கள் சிறுசிறு அறைகளுக்குள் ஒன்றிரண்டாகக் குடியிருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள பொருளில் பெரும்பங்கு தண்ணீர். மேலே போர்த்தியுள்ள மெல்லிய உறையிலிருந்து உணவும் பிராணவாயுவும் அந்த ஈரத்தின் வழியே ஊறிச் சென்று அணுக்களை அடைகின்றன. சிறிதளவு உணவே அவற்றுக்குப் போதும்.

பெரியகுளத்து மாந்தோப்புகளில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். வேர்ச்செடியின் பட்டையும் ஒட்டுக் கொம்பின் பட்டையும் பொருந்தி, இரண்டுக்கும் இடையே சாறு ஓட வழி பிறந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். இல்லையேல் கொம்பு வாடிவிடும். தோலை ஒட்டினாலும், எலும்பை ஒட்டினாலும் கதை ஏறத்தாழ இதுதான்: புதிய இடத்தின் இரத்தக் குழாய்கள் அதற்குள் புக வேண்டும். குருத்தெலும்பு ஒட்டோ அவ்வளவு கேட்பதில்லை. பழைய இடத்தில் ஈரத்தால் ஊறி உண்டதைப்போலவே புதிய இடத்திலும் ஊறி உண்டு பிழைத்துக்கொள்கிறது. சுற்றிலும் நல்ல இரத்த ஓட்டமுள்ள திசு அணைத்துப் பிடித்திருந்தால் போதும். அதனால்தான் பிற ஒட்டுகள் சுருங்கவும் கரையவும் நேரும்போது, குருத்தெலும்பு ஒட்டு உயிரோடு நெடுங்காலம் நிற்கிறது.

பழங்காலத்தார் கண்ட வழி

மூக்கைச் செப்பனிடும் கலையில் நம் பாரத நாடே உலகுக்கு ஆசான் என்பது பலர் அறியாத செய்தி. சுசுருதர் பெயரால் வழங்கும் பண்டை மருத்துவ நூலில், மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அதே அளவுக்குக் கன்னத்துச் சதையை ஒரு பக்கம் அறாமல் எடுத்துத் திருப்பி மூக்கில் பொருத்தும் முறை கூறப்பட்டுள்ளது. துளைகள் மூடிப் போகாதிருக்க இரண்டு குழல்களை உள்ளே வைக்கும்படியும் அந்நூல் பணிக்கிறது.

1792இல் திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி இருந்த அவருக்குப் புனே நகருக்கருகில் பரம்பரை வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை எடுத்துத் திருப்பிப் புது மூக்கு அமைத்தார். பம்பாயைச் சேர்ந்த ஆங்கில மருத்துவர்கள் அதனைக் கண்டனர். 1794ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் திங்களிதழ் ஒன்று அச்செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த கார்ப்பு என்னும் இலண்டன் மருத்துவர் 1814இல் அம்முறையைத் தாமே செய்து பார்த்தார். ஐரோப்பாவில் இக்கலை மீண்டும் தழைக்க இதுவே வழி செய்தது.

ஆனால் இம்முறைகளில் ஒரு குறை இருந்தது. வெளித்தோல் கிடைத்தது, உள்ளே தாங்குகால் இல்லை, உட்புறத்துக்கு வேண்டிய மெல்லிய உறையும் இல்லை. கூரைத் துணி இருந்தும் கம்பு இல்லாத கூடாரம்போல், நாளடைவில் அத்தகைய மூக்குகள் சுருங்கின. ஆகவே மருத்துவர்கள் உள்ளே வைக்கத் தக்க ஒரு தாங்கலைத் தேடத் தொடங்கினர். தந்தம் வைத்துப் பார்த்தனர். உலோகம் வைத்துப் பார்த்தனர். 1900ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் மருத்துவர் வான் மாங்கோல்ட் நோயாளியின் சொந்த விலாக் குருத்தெலும்பையே எடுத்துக் குழிந்த மூக்கில் வைத்தார். இன்று நம் வாலிபனுக்குக் கூறப்பட்டிருக்கும் சிகிச்சையின் மூத்த முன்னோடி அதுவே.

தன்னுடையதும் பிறனுடையதும்

சொந்த விலாவைக் கீறுவானேன், வேறெங்காவது எடுத்தால் என்ன என்ற எண்ணம் மருத்துவர்களுக்கும் வந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவர் ஹெரால்டு கில்லீஸ் மாட்டுக் குருத்தெலும்பைப் பதப்படுத்தி வைத்துப் பார்த்து, 1951இல் அதனைப் பற்றி எழுதினார். முதலில் நன்றாகவே தோன்றியது. நாளடைவில் உடல் அதனைச் சிறுகச் சிறுகக் கரைத்துவிட்டமையால் அம்முறை கைவிடப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்க மருத்துவர் லிண்டன் பீர், மனித உடலில் வைத்த ஒட்டுகளைப் பின்னர் எடுத்து நுண்பெருக்கியில் ஆராய்ந்தார். சொந்த உடலிலிருந்து உயிரோடு எடுத்து வைத்த குருத்தெலும்பில் அணுக்கள் ஆண்டுகள் பல கடந்தும் உயிரோடிருந்தன. பிறர் உடலிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய உயிரற்ற குருத்தெலும்போ மெல்ல மெல்லத் தேய்ந்து, அதன் இடத்தை வடுத் திசு பிடித்துக்கொண்டது.

இறந்தோர் கொடையாக அளித்த விலாக் குருத்தெலும்பைக் கதிரியக்கத்தால் தூய்மை செய்து வைக்கும் முறை இன்றும் உண்டு. அதன் ஆயுளைப் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமையும் உண்டு. 1988இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆண்டுகள் செல்லச் செல்ல இத்தகைய ஒட்டுகளில் பெரும்பாலானவை கரைந்தன என்று கண்டது. 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 357 பேரின் மூக்கில் வைத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒட்டுகளை 24 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து, கரைந்தவை மிகச் சிலவே என்றது. ஆக, இரவல் ஒட்டு நெடுநாள் நிற்கவும் கூடும், கரையவும் கூடும். முதியோருக்கும், விலாவைக் கீறத் தக்க உடல்நிலை இல்லாதோருக்கும் அது உதவலாம். இருபது வயது வாலிபனுக்குச் சொந்தக் குருத்தெலும்பை மருத்துவர் பரிந்துரைப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

சிலிக்கோன் என்னும் செயற்கைப் பொருளைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கரையாது, விலாவைக் கீறவும் வேண்டாம். ஆனால் அதற்கு உயிர் இல்லை. உடல் அதனைச் சுற்றி ஓர் உறையைக் கட்டி ஒதுக்கி வைக்கிறதேயன்றித் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை. ஆண்டுகள் கழிந்த பின்னும் சீழ் பிடிக்கலாம். மேல்தோல் மெலிந்து வெளியே துருத்தலாம். ஏற்கெனவே காயத்தால் வடுப்பட்ட மூக்கில் இந்த ஆபத்து அதிகம்.

எங்கிருந்து எடுப்பர்?

சொந்தக் குருத்தெலும்பை மூன்று இடங்களிலிருந்து எடுப்பது வழக்கம்.

முதலாவது, மூக்கின் இடைச்சுவர். நேராக இருக்கும், வேறோர் இடத்தைக் கீற வேண்டியதில்லை, கரைவதும் அரிது. ஆனால் கிடைப்பது சிறிதளவே. முன்புறமும் மேற்புறமும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்தை விட்டுவைத்தே எடுக்க வேண்டும். இல்லையேல் நல்ல மூக்கும் அமிழும். இடைச்சுவரே கரைந்துபோனவர்களுக்கு இவ்வழி இல்லை.

இரண்டாவது, காது மடலின் குழிவுப் பகுதி. காதுக்குப் பின்னால் கீறி எடுப்பதால் வடு தெரியாது; காதின் உருவமும் கெடுவதில்லை. வளைந்த துண்டாகையால் மூக்கின் நுனிக்கும் ஓரங்களுக்கும் பொருந்தும். நீண்ட தண்டைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு.

மூன்றாவது, விலா. ஆறாம், ஏழாம், எட்டாம் விலா எலும்புகளின் முன் முனையில் வேண்டிய அளவு குருத்தெலும்பு உண்டு. பெரிய குழிவை நிரப்பவும், நடுக்காலை முழுதும் புதிதாக நாட்டவும் இதுவே ஏற்றது. எடுத்த இடத்தில் சில வாரம் வலி இருக்கும். நுரையீரலின் உறை கீறப்படும் சிறிய ஆபத்தும் உண்டாகையால், கைதேர்ந்தவர்களே இதனைச் செய்ய வேண்டும். வயது ஏற ஏற விலாக் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுவதால், முதியோருக்கு அதனைச் செதுக்குவது கடினம்.

விலா ஒட்டின் பெருங்குறை கரைதல் அன்று, வளைதல். பச்சை மரத்தை அறுத்த பலகை காயும்போது கோணுவதைத் தச்சர்கள் அறிவர். குருத்தெலும்பின் மேற்பரப்பு ஒரு விசையோடு இழுத்துப் பிடித்தபடி இருக்கிறது. ஒரு பக்கத்து மேற்பரப்பை மட்டும் சீவினால் மறுபக்கம் இழுக்க, துண்டு வளைகிறது. ஸ்காட்லாந்தின் மருத்துவர்களான கிப்சனும் டேவிசும் 1950களின் இறுதியில் இதனை விளக்கி, நடுப்பகுதியிலிருந்து இருபுறமும் சமமாகச் செதுக்கினால் வளைவு குறையும் என்று காட்டினர். செதுக்கிய துண்டை உப்புநீரில் அரைமணி நேரம் போட்டு, வளைகிறதா என்று பார்த்த பின்னரே மூக்கில் வைக்கும் மருத்துவர்கள் உண்டு. வளைவு வருமானால் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் தெரிந்துவிடும்.

குருத்தெலும்பைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஓர் உறையில் சுற்றி வைப்பதும் உண்டு. துருக்கி நாட்டு மருத்துவர் எரோல் 2000ஆம் ஆண்டில், இரத்தத்தை நிறுத்தப் பயன்படும் சர்ஜிசெல் என்னும் துணியில் சுற்றி வைத்ததைப் பற்றி எழுதினார். அமெரிக்க மருத்துவர்களான டேனியலும் கால்வெர்ட்டும் அதனைச் செய்து பார்த்தபோது, அத்துணியில் சுற்றியவை கரைந்தன. நோயாளியின் சொந்த நெற்றிப்பொட்டுத் தசையின் மெல்லிய உறையில் சுற்றியவை நிலைத்தன. 2004இல் அவர்கள் இதனை வெளியிட்டனர். குருத்தெலும்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதனை அணைத்திருப்பதும் நல்லதாக இருக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

தொழுநோயாளர் கற்பித்த பாடம்

இவ்வுண்மையை இன்னும் அழுத்தமாகக் கற்பித்தவர்கள் நம் நாட்டுத் தொழுநோயாளர்கள். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும். மூச்சுக் காற்றால் எப்போதும் குளிர்ந்திருக்கும் மூக்கு அதற்கு உகந்த இடம். உள்ளுறை புண்ணாகி, இடைச்சுவர் கரைந்து, மூக்கு அமிழ்கிறது. மருந்தால் கிருமி ஒழிந்த பின்னும் அமிழ்ந்த மூக்கு நிமிர்வதில்லை. நோய் நீங்கியவர் என்று மருத்துவர் சான்று கொடுத்தாலும், தேநீர்க் கடையில் பெஞ்சை விட்டு எழுந்து போகிறவனுக்குச் சான்று தெரிவதில்லை, மூக்குத்தான் தெரிகிறது.

அத்தகையோருக்குத் தாங்கலை மட்டும் உள்ளே வைத்துத் தூக்க முயன்றால் அது பயன் தரவில்லை. வெளித்தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளுறைதான் வடுவாகிச் சுருங்கி மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஹெரால்டு கில்லீஸ் மேகநோயால் அமிழ்ந்த மூக்குகளில் கண்டறிந்து 1923இல் எழுதினார். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உட்புறமாகக் கீறி, சுருங்கிய வடுவை விடுவித்து, மெல்லிய தோலை அச்சின் மேல் போர்த்தி உள்ளே வைத்தால், மூக்கு மீண்டும் பழைய உருவத்துக்கு விரியும். தாங்கலை அதன் பின்னரே வைக்க வேண்டும். கொல்லி மலையில் 1914இல் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டும், கில்லீசிடம் பயின்று திரும்பிய பம்பாய் மருத்துவர் நோஷிர் அந்தியாவும் இம்முறையைத் தொழுநோயாளருக்குக் கையாண்டனர். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் அமைந்த தொழுநோய் ஆய்வு மருத்துவமனையும் இத்தகைய மறுசீரமைப்புப் பணிக்குப் பெயர் பெற்றது.

நெல்லை விதைக்குமுன் உழவர் நாற்றங்காலை உழுது, நீர் கட்டி, பண்படுத்துகிறார். நல்ல விதையானாலும் பண்படாத நிலத்தில் முளைக்காது. மூக்கிலும் அப்படியே. உள்ளுறை வடுவாய் இறுகிய மூக்கில் வைத்த ஒட்டு அழுத்தத்தால் நசுங்கும், தோலைப் பிதுக்கும், இறுதியில் கெடும். ஆகையால் மருத்துவர் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டுமென்று கூறினால், அது காலம் கடத்துவதாக எண்ணாதீர்கள்.

1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பின்னர் தொழுநோய் வெகுவாகக் குறைந்தது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையை அது கடந்துவிட்டதாக 2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது. ஆயினும் நோய் முற்றும் ஒழியவில்லை. உணர்ச்சியற்ற தேமல் கண்டவர்கள் காலந்தாழ்த்தாது ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டினால், மூக்கு அமிழும் நிலையே வாராது.

இனி, கேள்விக்கு விடை

சொந்த உடலிலிருந்து எடுத்த குருத்தெலும்பு, நல்ல உள்ளுறையும் நல்ல தோலும் உள்ள மூக்கில் முறையாக வைக்கப்பட்டால், வாழ்நாள் முழுதும் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். “பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு” என்று அதற்குக் காலவரையறை கிடையாது. கூரைத் தகட்டுக்கு இருப்பதுபோல் மாற்றும் தேதி அதற்கு இல்லை. சிறிதளவு தேய்வு சிலருக்கு ஏற்படலாம். மீண்டும் ஒரு சிறு சிகிச்சை சிலருக்குத் தேவைப்படலாம். இதனை மருத்துவரே முன்கூட்டிச் சொல்வார். ஒட்டைக் கெடுப்பவை வேறு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சீழ் பிடித்தல் முதற் பகை. சீழில் குருத்தெலும்பு விரைவில் கரைந்துவிடும். காய்ச்சலோ, கூடும் வலியோ, சிவப்போ கண்டால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடிபடுதல் இரண்டாவது. முதல் சில மாதங்கள் பந்து விளையாட்டும் மாட்டுக் கொம்பின் அருகாமையும் வேண்டாம். கைக்குழந்தையை முகத்தருகே தூக்கிக் கொஞ்சுவதிலும் கவனம் தேவை. மூக்குக் கண்ணாடியைத் தண்டின் மேல் எப்போது வைக்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

மூன்றாவது, புகை. பீடியும் சிகரெட்டும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ஒட்டுக்கு உணவூட்டும் ஈரம் அங்கிருந்துதான் வருகிறது. அறுவைக்குப் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மீண்டும் தொடாதிருப்பதே நலம். நம் பெரியவர்கள் சிலர் விடாது போற்றும் மூக்குப்பொடியும் கூடாது. அது உள்ளுறையைப் புண்ணாக்கும்.

நான்காவது, மூக்குத்தி. அறுவைக்கு முன் கழற்ற வேண்டும். பின்னர் மீண்டும் அணியவோ புதிதாகக் குத்தவோ மருத்துவரின் இசைவு வேண்டும். துளையில் பிடித்த சீழ் உள்ளே உள்ள ஒட்டைத் தொடக்கூடும்.

இன்னுமொன்று. கட்டுப் பிரித்த அன்று மூக்கு உயர்ந்தும் தடித்தும் தோன்றும். மூன்றாம் மாதம் அது சற்றே இறங்கும். உடனே “ஒட்டுக் கரைகிறது” என்று வீட்டில் அழுகை தொடங்குகிறது. இறங்குவது பெரும்பாலும் வீக்கமே. அது முழுதும் வடிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகையால் அறுவைக்கு முன்னும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். அண்டை வீட்டாரின் கண்ணைவிடப் படம் நம்பத் தக்கது. திருமண நாள் குறித்த பின் அவசரமாக அறுவைக்கு ஓடுவதும் இதனாலேயே தகாது.

வருமுன் காத்தல்

அந்த வாலிபனின் மூக்கு அமிழ்ந்த கதையில் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. குழந்தை விழுந்து மூக்கில் அடிபடும்போது, இடைச்சுவரின் குருத்தெலும்புக்கும் அதன் உறைக்கும் இடையே இரத்தம் கட்டிக்கொள்ளலாம். உறையிலிருந்து ஊறி உண்பதே குருத்தெலும்பின் வாழ்வு என்று மேலே கண்டோம். உறை விலகியதும் உணவு நிற்கிறது. ஒரு நாளிலேயே கேடு தொடங்கலாம். சீழும் பிடித்தால் மூன்று நான்கு நாளில் இடைச்சுவர் கரைந்து போகலாம். வெளியே எலும்பு முறியாமல், இரத்தம் அதிகம் கொட்டாமல் இருந்தாலும் இது நேரும்.

அறிவது எளிது. அடிபட்ட பிள்ளையின் மூக்கு இரு பக்கமும் அடைத்துக்கொண்டிருக்கிறதா? வலி குறையாமல் கூடுகிறதா? டார்ச் விளக்கை அடித்துத் துளைக்குள் பார்த்தால், நடுச்சுவரிலிருந்து சிவந்தோ நீலம் பாரித்தோ மெத்தென்ற புடைப்புத் தெரிகிறதா? இவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இப்பகுதியினருக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் இருக்கிறது. சிறு கீறலால் கட்டிய இரத்தத்தை வடித்து, உள்ளே பஞ்சு அடைத்து, மருந்து கொடுப்பார்கள். அவ்வளவே சிகிச்சை. பற்றுப் போட்டு, வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்தால், பிற்காலத்தில் விலாவைக் கீற வேண்டி வரும். அதுவும் உடனே முடியாது. முகத்தின் வளர்ச்சி நிறைவு பெறும் வரை, பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குப் பதினாறு வயதளவிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பதினேழு, பதினெட்டு வயதளவிலும்தான் முழுச் சிகிச்சை செய்வர். அதுவரை பள்ளியில் பட்டப் பெயரைச் சுமக்கப் போவது அப்பிள்ளை.

ஆகவே பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளை அழுது ஓய்ந்துவிட்டது என்று விட்டுவிடாமல் மூக்கினுள் ஒருமுறை பாருங்கள். ஒட்டறுவை செய்துகொள்ள வேண்டியவர்கள் வீண் பேச்சுக்கு அஞ்சி நாளைக் கடத்த வேண்டாம். “எத்தனை வருசம் நிற்கும்?” என்பதோடு, “எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்? வைக்கும் இடம் அதனை ஏற்கும் நிலையில் இருக்கிறதா? நாங்கள் செய்ய வேண்டியது என்ன?” என்றும் மருத்துவரைக் கேளுங்கள். அமிழ்ந்த மூக்கோடு பேருந்தில் ஏறுகிறவருக்கு அருகில் இடம் கொடுத்து உட்காருங்கள். அதற்கு மருத்துவரும் வேண்டாம், அறுவையும் வேண்டாம்.